எஸ்தோனிய மொழியை எப்படி உச்சரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்தோனிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதால், பார்த்தவுடன் ஆங்கிலமாக வாசிக்கத் தோன்றும். முதல் வகைத் தவறுகள் அங்கிருந்து வருகின்றன. இரண்டாம் வகை, தமிழ் நாக்கின் பழக்கத்திலிருந்து வருபவை. இந்தப் பக்கம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. எஸ்தோனியச் சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டியிருப்பது தோராயமாகத்தான். சரியான ஒலியைக் காதால்தான் பிடிக்க வேண்டும். தனி எழுத்துகள் நான்குக்கு இங்கே இப்படிப் பெயர் வைத்துக்கொள்வோம்: ஓ எழுத்தின் தலையில் அலைக்கோடு இருந்தால் ‘அலை ஓ’, ஏ, ஓ, யூ ஆகிய எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் ‘புள்ளி ஏ’, ‘புள்ளி ஓ’, ‘புள்ளி யூ’.

எழுதியிருப்பதை அப்படியே வாசித்துவிடலாமா?

பெரும்பாலும் முடியும். ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தருவதில்லை. உயிர்கள் அ, எ, இ, ஒ, உ என்று தமிழுக்கு நெருக்கமாகவே ஒலிக்கும். எழுத்து இரட்டித்தால் ஒலி நீளும், அவ்வளவுதான்.

ஆங்கிலம் தெரிந்த கண் இடறும் இடமும் இதுதான். இரண்டு ஓ சேர்ந்து வந்தால் அது ‘ஊ’ அல்ல, ‘ஓ’. இரண்டு ஈ எழுத்து சேர்ந்தால் ‘ஈ’ அல்ல, ‘ஏ’. ஆங்கிலத்தில் ‘டூல்’ என்று வாசிக்கும் எழுத்துகள் எஸ்தோனியத்தில் ‘தோல்’, அதாவது நாற்காலி. ‘ஸீ’ என்று வாசிக்கத் தோன்றுவது ‘ஸே’, அதாவது ‘இது’. ‘லூம்’ என்று தோன்றுவது ‘லோம்’, விலங்கு. ‘கீல்’ என்று தோன்றுவது ‘கேல்’. நாக்கு, மொழி இரண்டுக்கும் அதே சொல்.

ஜே எழுத்து எப்போதும் ‘ய’தான். ‘ஆம்’ என்பதற்கு ‘யாஹ்’ என்பார்கள், ‘ஜா’ அல்ல. எஸ் எழுத்து எங்கே வந்தாலும் ‘ஸ’. ஆங்கிலத்தில் போல நடுவில் இஸட் ஒலியாக மாறாது.

எழுத்து மறைக்கும் விஷயங்கள் மூன்று: மூன்றாம் நீளம், மெய்யின் மென்மை, கடன்சொற்களில் அழுத்தம் விழும் இடம். மூன்றும் கீழே தனித்தனியாக வருகின்றன.

உயிரொலிகள் எத்தனை? புதியவற்றை எப்படிச் சொல்வது?

ஒன்பது. ஐந்து நமக்குத் தெரிந்தவை. மீதி நான்கு:

புள்ளி ஏ: ‘ஏ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடைப்பட்டது. ஆங்கிலத்தில் பூனைக்குச் சொல்லும் ‘கேட்’ என்ற சொல்லின் உயிர், தாடையை நன்றாக இறக்கி. தமிழ் ‘ஏ’வாகவே விட்டுவிட்டால் வாய் போதுமான அளவு திறக்கவில்லை என்று பொருள்.

புள்ளி யூ: ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். வருகிற ஒலி அதுதான். ‘யூ’ என்றோ ‘இயு’ என்றோ வந்தால், நாக்கு முதலில் கிளம்பி உதடு பிறகு குவிகிறது என்று அர்த்தம். உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு அதன்பிறகு குரலைத் தொடங்கினால் சரியாகிவிடும்.

புள்ளி ஓ: அதே வழி. ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவிக்க வேண்டும்.

அலை ஓ: வெளிநாட்டவர்கள் அதிகம் பயப்படும் ஒலி. ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதற்கு மிக அருகில் ஓர் ஒலி ஏற்கெனவே இருக்கிறது: குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘கிணறு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரத்தில் உதடு குவிவதில்லை, நாக்கு மட்டும் பின்னால் இருக்கும். அந்த ஒலியை நிறுத்தி வைத்துக்கொண்டு தாடையைச் சற்றே இறக்குங்கள். கண்ணாடியில் பார்த்தால் உதடு தளர்வாக, விரிந்து இருக்க வேண்டும். கொஞ்சம் குவிந்தாலும் வேறு எழுத்தாகிவிடும். இந்த எழுத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஓட்டோ வில்ஹெல்ம் மாசிங். அதற்கு முன் இந்த ஒலிக்கெனத் தனி எழுத்து இல்லை.

தலையில் உள்ள குறியை விட்டுவிட்டால் என்ன?

வேறு சொல்லாகிவிடும். அவை ஆங்கிலத்தில் கடன்சொல்லின் மேல் அலங்காரமாகப் போடும் குறிகள் அல்ல, தனி எழுத்துகள். அகராதியில் இந்த நான்கும் கடைசியில் வரிசையாக நிற்கும்.

சாதாரண யூ போட்ட ‘குல்ம்’ என்றால் புருவம். அதிலேயே புள்ளி யூ வந்தால் குளிர். சாதாரண ஓ வந்த ‘கொர்வ்’ கூடை, அலை ஓ வந்தால் காது. ‘வக’ என்றால் பக்தியுள்ள, புள்ளி ஏ வந்தால் ‘மிகவும்’. பயிற்சிக்கு நல்ல தொகுப்பு, எஸ் எழுத்துக்குப் பின் இரட்டை உயிர் வரும் இந்தச் சொற்கள்: இரட்டை யூ வாய், இரட்டை ஓ சதுப்பு நிலம், இரட்டைப் புள்ளி யூ குற்றம், இரட்டைப் புள்ளி ஓ ‘சாப்பிடு’. இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். உங்களுக்கே வேறுபாடு தெரியவில்லை என்றால் கேட்கிறவருக்கும் தெரியாது.

இந்த எழுத்துகள் சொல்லில் எங்கு வேண்டுமானாலும் வருமா?

இல்லை, இது ஓர் ஆறுதல். எஸ்தோனியத்தின் சொந்தச் சொற்களில் இந்த நான்கும் முதல் அசையில்தான் வரும். அடுத்த அசைகளில் பெரும்பாலும் அ, எ, இ, உ மட்டுமே. கூட்டுச்சொல்லாக இருந்தால் ஒவ்வொரு பகுதியும் தனிச் சொல்லாகக் கணக்கு.

ஆனால் அந்தப் பின் அசை உயிர்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அழுத்தம் இல்லாத உயிரை மழுங்கடித்துவிடுவார்கள். எஸ்தோனியத்தில் வேற்றுமை பெரும்பாலும் கடைசி உயிரில் இருப்பதால், மழுங்கினால் இலக்கணமே காணாமல் போகும்.

மூன்று நீளம் என்கிறார்களே, அது என்ன?

இந்த மொழியின் உச்சரிப்பில் உண்மையான வேலை இங்கேதான். அலை ஓவில் வாரக்கணக்காகச் செலவிடுவதைவிட இதில் நேரம் செலவிடுவது மேல்.

தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, செய்யுளில் அளபெடுத்தால் மூன்று. எஸ்தோனியத்திலும் குறுகியது, நீண்டது, மிக நீண்டது என்று மூன்று நிலை உண்டு. ஆனால் மூன்றாவது நிலை செய்யுளுக்கானதல்ல, கடையில் பேசும் பேச்சிலேயே பொருளை மாற்றுவது. இன்னொன்று: நீளம் உயிருக்கு மட்டும் சொந்தமல்ல. மெய்யும் மூன்று அளவில் வரும். சரியாகச் சொன்னால், அது அழுத்தம் பெற்ற அசை முழுவதற்கும் உரிய பண்பு.

எடுத்துக்காட்டு: ‘லின’ என்று ஒற்றை னகரத்தோடு சொன்னால் ஆளிச்செடி, அதிலிருந்து வரும் துணி. ‘லின்ன’ என்று இரண்டாம் நீளத்தில் சொன்னால் ‘நகரத்தின்’. அதே எழுத்துகளை மூன்றாம் நீளத்தில் சொன்னால் ‘நகரத்துக்குள்’. உயிரில் பார்த்தால் ‘கொலி’ தட்டுமுட்டுச் சாமான், ‘கோலி’ இரண்டாம் நீளத்தில் ‘பள்ளியின்’, மூன்றாம் நீளத்தில் ‘பள்ளிக்கு’. ‘ஸத’ நூறு, ‘ஸாத’ இரண்டாம் நீளத்தில் ‘அனுப்பு’, மூன்றாம் நீளத்தில் ‘பெற’. அனுப்புவதும் பெறுவதும் ஒரே எழுத்துக்கூட்டு என்பதைக் கற்றுக்கொள்கிறவர்கள் கொஞ்சம் கோபத்தோடுதான் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்றாம் நீளத்தை எவ்வளவு இழுக்க வேண்டும்?

கேள்வியே சிக்கலைக் காட்டுகிறது. இழுத்தால் மட்டும் அது வராது. தல்லினில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மொழியியலாளர் இல்ஸே லெஹிஸ்தெ 1960இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது, முதல் அசைக்கும் இரண்டாம் அசைக்கும் இடையிலான விகிதமே முக்கியம் என்பதை. முதல் நீளத்தில் அது 2:3, இரண்டாம் நீளத்தில் 3:2, மூன்றாம் நீளத்தில் 2:1.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விதிகள் கிடைக்கின்றன. முதல் நீளச் சொல்லில் கடைசி உயிர் எழுத்தில் குறிலாக இருந்தாலும் கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். ‘லின’வின் கடைசி அகரத்தை வெடுக்கென்று முடிக்கக் கூடாது. மூன்றாம் நீளத்தில் தலைகீழ்: முதல் அசை நீண்டு, கடைசி உயிர் சுருங்கிப்போக வேண்டும். முதல் அசையை இழுத்துவிட்டுக் கடைசி உயிரையும் சாவகாசமாகச் சொன்னால் கேட்கிறவர் காதில் அது இரண்டாம் நீளமாகவே விழும். எவ்வளவு இழுத்தும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் கடைசி உயிரைக் குறைத்துப் பார்க்கட்டும்.

குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது. இரண்டாம் நீளத்தில் முதல் அசை முழுக்கக் குரல் மேலேயே நின்று, இரண்டாம் அசைக்குப் போகும்போது இறங்கும். மூன்றாம் நீளத்தில் முதல் அசைக்குள்ளேயே இறங்கிவிடும்.

பயிற்சி: மேசையில் விரலால் சீராகத் தட்டுங்கள். முதல் நீளச் சொல்லுக்கு ஐந்து தட்டு, இரண்டை முதல் அசைக்கும் மூன்றை அடுத்ததற்கும் கொடுங்கள். இரண்டாம் நீளத்துக்கும் ஐந்து தட்டு, மூன்று, இரண்டு. மூன்றாம் நீளத்துக்கு ஆறு தட்டு: நான்கு முதல் அசைக்கு, அதற்குள்ளேயே குரல் சரிய வேண்டும், இரண்டு கடைசிக்கு. வேகமாகத் தட்டுங்கள்; மெதுவாகத் தட்டினால் பாட்டாகிவிடும்.

எழுத்தில் மூன்றாம் நீளம் எங்காவது தெரியுமா?

வல்லினத்தில் தெரியும். பகர ஒலியை எடுத்துக்கொள்வோம். சொல்லின் நடுவில் பகரம் மூன்று விதமாக எழுதப்படும்: ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தால் எழுதினால் குறுகிய பகரம், பதினாறாம் எழுத்தால் எழுதினால் நீண்டது, அந்தப் பதினாறாம் எழுத்தை இரட்டித்தால் மிக நீண்டது. முதலாவது ‘கபி’, குளம்பு. இரண்டாவது ‘கப்பி’, ‘அலமாரியின்’. மூன்றாவது இன்னும் நீண்ட ‘கப்ப்பி’, ‘அலமாரிக்குள்’. த, க ஒலிகளுக்கும் இதே முறை.

மற்ற மெய்களிலும் உயிர்களிலும் எழுத்து உதவாது. இன்னொரு எளிய விதி உண்டு: தனியாக அழுத்தத்தோடு நிற்கும் ஓரசைச் சொல் எப்போதும் மூன்றாம் நீளம்தான். ‘மா’ (நிலம்), ‘கூ’ (நிலவு, மாதம்), ‘லின்ன்’ (நகரம்) எதையும் தயங்காமல் நீட்டலாம்.

அந்தக் குறுகிய ப, த, க ஒலிகளில் தமிழர்கள் ஏன் தடுமாறுகிறோம்?

ஆங்கிலத்தின் பீ, டீ, ஜீ எழுத்துகள் அங்கே அதிர்வொலிகள். எஸ்தோனியத்தில் அவை அதிர்வில்லாதவை. தொண்டையில் கை வைத்தால் அதிரக் கூடாது. குறுகிய, மென்மையான, ஆனால் வல்லினம்தான்.

நமக்கு உள்ள சிக்கல் வேறு. தமிழில் இரு உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் தானாகவே இளகிவிடும்: ‘அபயம்’, ‘அது’, ‘அகம்’. ககரம் ‘ஹ’ வரை போய்விடும். எஸ்தோனியத்தில் ‘ஆனால்’ என்பதற்கான ‘அக’ என்ற சொல்லை நாம் இயல்பாகச் சொன்னால் ‘அஹ’ என்று விழும். சரியான ஒலி, ‘அக்கா’வின் ககரத்தை எடுத்து, இரட்டிக்காமல் ஒரே தொடுகையாகச் சொல்வது. மெல்லினத்துக்குப் பின்னும் அப்படியே: விலை என்பதற்கான ‘ஹின்த்’ சொல்லில் தகரம், ‘பந்து’வில் போல அதிரக் கூடாது.

சொல்லின் தொடக்கத்தில் நமக்குச் சாதகம். ஆங்கிலேயர்கள் ப, த, க ஒலிகளோடு மூச்சைத் தள்ளுவார்கள். எஸ்தோனியத்தில் அது கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆனால் டீ எழுத்தைப் பார்த்ததும் ‘ட’ சொல்லாதீர்கள். நாக்கு பல்லின் பின்புறம் படும் ‘த’வே நெருக்கம். கடன்சொற்களின் முதலில் வரும் அதிர்வெழுத்துகளையும் பெரும்பாலோர் அதிர்வில்லாமலே சொல்கிறார்கள். அதனால் மதுக்கடையும் ‘ஜோடி’ என்பதற்கான சொல்லும் ஒரே மாதிரி ‘பார்’ என்று ஒலிக்கின்றன.

மெய்யின் மென்மை என்றால் என்ன?

த, ஸ, ன, ல ஆகிய மெய்கள் சில சொற்களில் இகரச் சாயலோடு ஒலிக்கும். நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்பும். எழுத்தில் இதற்கு அடையாளமே இல்லை. ‘பல்க்’ என்று சாதாரணமாகச் சொன்னால் சம்பளம். லகரத்தை மென்மையாக்கினால் மரக்கட்டை. ‘தல்ல்’ சாதாரணமாக ஆட்டுக்குட்டி, மென்மையாகக் குதிரை லாயம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம் இகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் மென்மை உண்டு. சம்பளத்தின் ஆறாம் வேற்றுமை ‘பல்க’, மரக்கட்டையினது ‘பல்கி’. ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் மெய்க்குப் பின்னால் யகரத்தைச் சேர்ப்பார்கள். இங்கே அந்தச் சாயல் மெய்க்கு முன்னால் கேட்கும், கிட்டத்தட்ட ‘பய்ல்க்’. தொடக்கநிலையில் இதைத் தவறவிட்டாலும் பெரிய பாதகமில்லை, சூழல் காப்பாற்றிவிடும்.

அழுத்தம் எங்கே விழும்?

முதல் அசையில். விதிவிலக்குகள் குறைவு, ஆனால் முதல் நாளே ஒன்று வந்துவிடும்: நன்றி என்பதற்கான ‘ஐதேஹ்’ (ஏகாரம் இங்கே புள்ளி ஏ), அழுத்தம் இரண்டாம் அசையில். கடைசி ஹகரத்தை விழுங்கக் கூடாது. கடன்சொற்களில் மூலமொழியின் அழுத்தம் நிற்கும்: மருந்துக்கடையான ‘அப்தேக்’, காவல்துறையான ‘பொலித்ஸெய்’, ‘ரெஸ்தொரன்’, ‘ஷொகொலாத்’ எல்லாவற்றிலும் கடைசி அசையில்.

கூட்டுச்சொல்லைப் பிரித்து வாசிக்கப் பழகுங்கள். ரயில் நிலையம் ‘ரௌத்-தே-யாம்’, விமான நிலையம் ‘லென்னு-யாம்’. 1869இல் தர்த்துவில் தொடங்கிய பாடல் விழாவின் பெயர் ‘லௌலு-பிது’. ஒவ்வொரு பகுதியும் தன் அழுத்தத்தையும் நீளத்தையும் வைத்துக்கொள்ளும். பனிக்கட்டியின் விளிம்பு என்ற சொல்லில் புள்ளி ஏ நான்கு முறை தொடர்ந்து வரும். பனிக்கட்டிக்கு இரண்டு, விளிம்புக்கு இரண்டு என்று பிரித்தால் பயம் போய்விடும்.

தமிழ்ப் பழக்கத்தில் வேறென்ன கவனிக்க வேண்டும்?

சொல்லின் முதலில் ‘எ’ வந்தால் நாம் அறியாமலே ‘யெ’ என்போம், ‘ஒ’ வந்தால் ‘வொ’ என்போம். அம்மா ‘எம’, ‘யெம’ அல்ல. நாட்டின் பெயர் ‘ஏஸ்தி’, ‘யேஸ்தி’ அல்ல. ‘இருக்கிறது’ என்பது ‘ஒன்’, ‘வொன்’ அல்ல.

மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது இன்னும் ஆபத்து. நகரம் ‘லின்ன்’. அதை ‘லின்னு’ என்றால் ‘பறவையின்’ என்று ஆகிவிடும்.

ள, ண, ழ எதுவும் இம்மொழியில் இல்லை. லகரமும் னகரமும் போதும். ரகரம் தமிழ் ரகரம்போல நாக்கு நுனியால். ஆங்கிலப் பாணியில் விழுங்கக் கூடாது. வகரத்துக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும்.

ஹகரத்தைச் சொல்லவே வேண்டுமா?

சொல்லின் முதலில் பேச்சுவழக்கில் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவிலும் மெய்க்கு முன்னும் விடக் கூடாது: பணம் ‘ரஹ’, பசு ‘லெஹ்ம்’.

ஊர்ப்பெயர்களை எப்படிச் சொல்வது?

தலைநகரம் ‘தல்லின்ன்’, லகரம் நீண்டு, சற்று மென்மையாக. செய்தித்தாள்களில் வரும் ‘டாலின்’ எந்த விதத்திலும் பொருந்தாது. பல்கலைக்கழக நகரம் ‘தர்த்து’. கிழக்கு எல்லையில் ‘நர்வ’. தீவுகள் ‘ஸாரெமா’, ‘ஹீயுமா’. பேர்னுவின் முதல் உயிர் புள்ளி ஏ. வுருவின் முதல் உயிர் அலை ஓ.

எல்லா ஊரிலும் ஒரே உச்சரிப்பா?

இல்லை. ஸாரெமா தீவுக்காரர்கள் அலை ஓவைப் புள்ளி ஓவாகவே சொல்வதற்குப் பெயர்போனவர்கள். தென்கிழக்கில் பேசப்படும் வுரு மொழியில் உயிர் இணக்கம் உண்டு, அதாவது முதல் அசையின் உயிருக்கு ஏற்ப அடுத்த அசைகளின் உயிரும் மாறும். பொது எஸ்தோனியம் அதை இழந்துவிட்டது. கற்பவர்கள் பொது மொழியைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

பின்லாந்து மொழி தெரிந்தால் உதவுமா?

முதல் அசை அழுத்தத்துக்கும் இரட்டை எழுத்துக்கும் உதவும். ஆனால் அங்கே நீளம் இரண்டுதான், அலை ஓவும் இல்லை. நமது புள்ளி யூ ஒலிக்கு அவர்கள் ஒய் எழுத்தைப் போடுகிறார்கள்.

எந்தச் சொற்களில் தொடங்கலாம்?

‘தெரெ’ (வணக்கம்): முதல் நீளம், இரண்டாம் எகரம் கொஞ்சம் நீண்டு. ‘பலுன்’ (தயவுசெய்து). ‘வபன்துஸ்த்’ (மன்னிக்கவும்): பகரமும் தகரமும் அதிராமல் வருகின்றனவா என்று சோதிக்க இதைவிட நல்ல சொல் இல்லை. ‘ஹெஅத் அஎக’ (போய் வருகிறேன்): கடைசி ககரம் ‘ஹ’ ஆகக் கூடாது. எண்களில் எட்டும் ஒன்பதும் ‘ஹெக்ஸ’ என்றே முடியும். எட்டு ‘க’வில் தொடங்கும், ஒன்பது புள்ளி யூவில். கடையில் விலை கேட்கும்போது அந்த முதல் உயிரைக் கவனிக்க வேண்டும்.

சரியான ஒலியை எங்கே கேட்பது?

எஸ்தோனிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதித் தளம் ‘ஸுனவேப்’ (முதல் உயிர் அலை ஓ). சொல்லின் பக்கத்தில் உள்ள ஒலிக்குறியை அழுத்தினால் கேட்கலாம். அகராதிகளில் மூன்றாம் நீளத்துக்கு உயிரெழுத்தின் முன்னே சாய்ந்த சிறு கோடும், மென்மைக்கு மெய்யின் அருகே ஒற்றை மேற்கோள் போன்ற குறியும் போடுவார்கள். எழுத்தில் மறைந்திருப்பதை அவை காட்டிவிடும். ‘கேலெக்லிக்’ என்ற இலவச இணையப் பாடம் ஆங்கிலம் வழியாகவோ ரஷ்யம் வழியாகவோ கற்றுத்தருகிறது. புதிய சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது அதன் ஆறாம் வேற்றுமையையும் நீளத்தையும் சேர்த்தே எழுதி வையுங்கள். பின்னால் திருத்துவது கடினம்.